மந்தக் காலத்தில் மானம்

பொருள் இல்லாமை ஒரு துன்பம். பொருள் இல்லாதவர் என்று பிறர் அறிதல் மற்றொரு துன்பம். முதல் துன்பத்தை வயிறு உணர்கிறது. இரண்டாவதை நெஞ்சு உணர்கிறது. பொருளாதார மந்தத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதல் துன்பத்தையே அளக்கின்றனர். உற்பத்தி எத்தனை விழுக்காடு குறைந்தது, எத்தனை பேர் வேலையிழந்தனர், நாணயத்தின் மதிப்பு எவ்வளவு சரிந்தது என்னும் கணக்குகள் நாளேடுகளில் வருகின்றன. நெஞ்சின் துன்பத்துக்குக் கணக்கு இல்லை. எனினும், ஒரு குடும்பம் நிலைப்பதும் சிதைவதும் அந்த இரண்டாவது துன்பத்தை அது எவ்வாறு தாங்குகிறது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகின்றன. மந்தக் காலத்தில் மனிதனின் மானம் என்னாகிறது? அதனைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இவ்விரு வினாக்களையும் சற்றே சிந்தித்துப் பார்ப்போம்.

மந்தம் என்பது யாது? ஒரு நாட்டின் மொத்த உற்பத்தி தொடர்ந்து இரண்டு காலாண்டுகள் சுருங்குமாயின் அதனை மந்தம் எனப் பொதுவாகக் கூறுவர். இவ்வரையறையைவிட, அது பரவும் முறையை அறிவதே நமக்குப் பயன் தரும். ஒருவரின் செலவு மற்றொருவரின் வருவாய். தொழிற்சாலையில் மிகைநேர வேலை நின்றதும் தொழிலாளி தீபாவளிக்குத் துணி தைக்கக் கொடுப்பதில்லை. வருவாய் குறைந்த தையற்காரர் தம் மகளின் துணைப்பாட வகுப்பை நிறுத்துகிறார். அவ்வகுப்பை நடத்தியவர் மோட்டார் சைக்கிள் வாங்கும் எண்ணத்தைக் கைவிடுகிறார். மோட்டார் சைக்கிளுக்கு உறுப்புகள் செய்யும் தொழிற்சாலை மேலும் சிலரை வீட்டுக்கு அனுப்புகிறது.

இவர்களுள் தவறு செய்தவர் யார்? ஒருவரும் இலர். ஒவ்வொருவரும் சிக்கனம் என்னும் நற்பண்பையே கடைப்பிடித்தனர். தனிமனிதருக்கு அறமாக விளங்கும் ஒன்று, எல்லாரும் ஒரே வேளையில் மேற்கொள்ளும்போது எல்லாருக்கும் கேடாக முடிகிறது. ஆங்கிலப் பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1936-இல் வெளியிட்ட தம் நூலில் இம்முரண்பாட்டை எடுத்துக்காட்டினார். மந்தத்தைத் தொடங்கிவைத்த பேராசை எங்கோ ஒரு பங்குச் சந்தையில் இருந்திருக்கலாம். ஆனால், அதற்கு விலை கொடுப்பவர் அச்சந்தையின் வாசலைக்கூடக் கண்டறியாதவர்.

நம் நாட்டு வரலாறே இதற்குச் சான்று. 1929-இல் நியூயார்க் பங்குச் சந்தை வீழ்ந்தது. அமெரிக்காவில் மோட்டார் வண்டிகள் விற்கவில்லை. வண்டி விற்காததால் சக்கரங்களுக்கு இரப்பர் தேவைப்படவில்லை. 1925-இல் நியூயார்க் சந்தையில் ஓர் இராத்தல் 1 அமெரிக்க டாலருக்கும் மேல் விற்ற இரப்பர், 1932-இல் 3 சென்ட் அளவுக்குச் சரிந்தது. அன்றைய மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழன் முன்னைவிடக் குறைவாகவா உழைத்தான்? அவன் கத்தி மழுங்கவில்லை. அவன் கை சோரவும் இல்லை. ஆயினும், கூலி குறைக்கப்பட்டது. பின்னர் வேலையே போயிற்று. 1930 முதல் 1932 வரையிலான மூன்று ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை தேறத் தொடங்கியதும் 1934-இல் மீண்டும் ஆள்கள் வரவழைக்கப்பட்டனர். சரக்கு இருப்பைக் குறைப்பதும் கூட்டுவதும் போல மனிதர்களைக் குறைத்தும் கூட்டியும் நடத்திய காலம் அது.

அதன் பின்னரும் மந்தங்கள் வந்தன. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நிதியின்றி முடங்கியது. ஈயத்தின் விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. கிந்தாப் பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அதே மந்தத்தைச் சமாளிக்கச் சிங்கப்பூர் 1986-இல் மத்திய சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கை 25 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைத்தது. 1997 சூலை 2-ஆம் நாள் தாய்லாந்தின் பாட் நாணயம் வீழ்ந்ததைத் தொடர்ந்த நெருக்கடியில், 1998-இல் மலேசியப் பொருளாதாரம் 7.4 விழுக்காடு சுருங்கியது. 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் அது மீண்டும் 5 விழுக்காட்டுக்கும் மேலாகச் சுருங்கியது. காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. வீட்டுக்குள் நிகழ்ந்ததோ ஒன்றாகவே இருந்தது.

அஃது என்ன? முதலில் மௌனம். வேலை போனதை மனைவியிடம் சொல்லாமல், வழக்கம்போல் காலையில் புறப்பட்டு, மாலைவரை எங்கோ அமர்ந்திருந்து வீடு திரும்பும் தந்தையர் உண்டு. அடுத்து அடகுக்கடை. பிள்ளையின் காதில் கிடந்தது முதலில் போகும். தாயின் கழுத்தில் கிடப்பது கடைசியில் போகும். அதன்பின் உறவு சுருங்கும். மொய் வைக்க இயலாதவர் திருமணத்துக்குச் செல்வதில்லை. கடன் கேட்பாரோ என்று அஞ்சி உறவினர் வீட்டுக்கு வருவதில்லை. வருவாய் குறைந்ததால் வந்த வறுமை, மனிதர் குறைந்ததால் வரும் தனிமையாக மாறுகிறது. இறுதியில், யார்மீதும் சுமத்த இயலாத குற்றத்தைத் தந்தை தம்மீதே சுமத்திக்கொள்கிறார். "நான் கையாலாகாதவன்" என்னும் எண்ணம் வேரூன்றிய வீட்டில், குடியும் சினமும் நுழைய நெடுநேரம் ஆவதில்லை.

இத்தகைய வீட்டின் நிலையை முதலில் அறிவது பள்ளிக்கூடமே. 1998-இல் நடந்த ஒன்றைக் கூறுகிறேன். நான் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஏழை மாணவர்க்கு இலவச உணவு வழங்கும் திட்டம் பள்ளியில் என் பொறுப்பில் இருந்தது. ஐந்தாம் ஆண்டில் பயின்ற ஒரு மாணவனின் தந்தை கட்டுமான வேலையில் லாரி ஓட்டி வந்தார். அவ்வாண்டில் வேலை நின்றுபோயிற்று. செய்தி அறிந்த நான் அம்மாணவனின் பெயரையும் பட்டியலில் சேர்த்து, திங்கட்கிழமை காலைச் சபைகூடலில் உரக்கப் படித்தேன். நல்லதொரு காரியம் செய்தேன் என்றே எண்ணியிருந்தேன்.

அன்று ஓய்வு நேரத்தில் அவன் உணவு வரிசையில் இல்லை. நூலகத்தின் மூலையில் அமர்ந்திருந்தான். "பசியில்லை ஐயா" என்றான். மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் அவன் தந்தை பள்ளிக்கு வந்தார். சினத்தோடு வரவில்லை, தலைகுனிந்து நின்றார். "ஐயா, பிள்ளைக்குச் சாப்பாடு கொடுக்கிறீர்கள், நன்றி. பெயரை மட்டும் கூப்பிடாதீர்கள்" என்றார்.

அச்சொற்கள் இன்றும் என் செவியில் ஒலிக்கின்றன. நான் ஒரு கையால் சோற்றைக் கொடுத்து, மறுகையால் மானத்தைப் பறித்துக்கொண்டேன். அதன்பின் பட்டியல் எவர் காதிலும் விழாமல் ஆசிரியரிடமே இருந்தது. பணம் கொடுத்து உண்பவரும் இலவசமாக உண்பவரும் ஒரே மேசையில், ஒரே தட்டில் உண்ண ஏற்பாடு செய்தோம். அம்மாணவன் வந்து உண்டான்.

திருக்குறளில் ஒரு வைப்புமுறை உண்டு. ஈகை என்னும் அதிகாரத்துக்கு முன்னதாக ஒப்புரவறிதல் என்னும் அதிகாரம் அமைந்துள்ளது. ஈகை, உள்ளவர் இல்லாதவர்க்குக் கொடுப்பது. அங்குக் கொடுக்கும் கை மேலேயும் ஏற்கும் கை கீழேயும் உள்ளன. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழும் கடமையை உணர்ந்து செய்வது. அதற்கு வள்ளுவர் காட்டும் உவமைகளுள் ஒன்று ஊருணி. ஊருணியில் நீர் முகப்பவர் யாரிடமும் இரப்பதில்லை. அவர் பெயரை யாரும் சபையில் படிப்பதுமில்லை. தனிமனிதனின் தவற்றால் அன்றி, எல்லாரையும் பிணைத்த சங்கிலி அறுந்ததால் வந்த துன்பத்துக்கு ஈகை போதாது. ஒப்புரவே தக்க மருந்து என்பது என் துணிபு.

2021-இன் நடுப்பகுதியில் நம் நாட்டில் வெள்ளைக் கொடி இயக்கம் எழுந்தது. உணவில்லாதோர் வீட்டு வாசலில் வெள்ளைத் துணியைத் தொங்கவிட்டனர். கண்டவர்கள் இனம் பாராமல், சமயம் பாராமல் அரிசியும் முட்டையும் எண்ணெயும் கொண்டுவந்து வைத்தனர். வாய்திறந்து கேட்கும் வேதனையை அத்துணி ஓரளவு குறைத்தது. மக்களின் நல்லுள்ளத்தை அது வெளிப்படுத்தியது. அதனைப் போற்றுகிறேன். ஆயினும், வெள்ளைக் கொடி தோல்வியின் அடையாளம் அன்றோ? அக்குடும்பங்கள் யாருடன் போரிட்டுத் தோற்றன? ஊரார் இத்துணை நல்லவராக இருந்தும், ஏற்பாடு ஒன்று முன்னரே இல்லாமையால் அன்றோ அவர்கள் கொடி ஏற்றும் நிலை வந்தது?

"உழைக்கும் காலத்தில் சேமித்திருக்க வேண்டும், உதவி கிடைக்கும் என்றால் சோம்பல் வளரும்" என்று சிலர் வாதிடுவர். இவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. வருவாயை மீறித் தவணையில் பொருள் வாங்கியவர்களும், குடியில் கூலியைத் தொலைத்தவர்களும் நம்மிடையே உண்டு. சேமிப்பை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத்தான் வேண்டும். ஆனால், சேமிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. 2020 முதல் 2022 வரை சிறப்பு அனுமதிகளின்வழி ஊழியர் சேமநிதியிலிருந்து மக்கள் எடுத்த தொகை 14,500 கோடி ரிங்கிட். அது சேமிக்காதவரின் பணம் அன்று. சேமித்தவரின் முதுமைக்காலச் சோறு. சேமித்தவரும் வீழ்ந்தனர் என்னும்போது, வீழ்ந்தவர் அனைவரையும் ஊதாரிகள் என்று கூறுதல் அறமாகாது. வள்ளுவரும் இரவு, இரவச்சம் என்னும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். கேட்க நேர்ந்தவரை இகழாதே என்பது ஒன்று. கேட்க அஞ்சு என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பவரே வறுமையைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர்.

ஒப்புரவு வெறும் கனவன்று. 2018-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் வேலைக் காப்புறுதித் திட்டம் நடைமுறையில் உள்ளது. தொழிலாளியின் ஊதியத்தில் 0.2 விழுக்காடும் முதலாளியிடமிருந்து அதே அளவும் பெறப்பட்டு, வேலையிழந்தவர்க்குச் சில மாதங்கள் உதவி வழங்கப்படுகிறது. தொகை சிறிதுதான், நாள்கூலிக்கு உழைப்போரும் சொந்தமாகச் சிறுதொழில் செய்வோரும் பலர் இதற்கு வெளியே நிற்கின்றனர் என்பதும் உண்மைதான். எனினும், இதன் அடிப்படை உயர்ந்தது. இதனைப் பெறுபவர் இரவலர் அல்லர். தாமும் ஊற்றிய ஊருணியில் தம் பங்கை முகப்பவர்.

ஆசிரியர் பெருமக்களே, சட்டம் இயற்றுவது நம் கையில் இல்லை. வகுப்பறை நம் கையில் உள்ளது. கட்டணம் செலுத்தாதவர் பெயரைக் கரும்பலகையில் எழுதாதிருத்தல் நம்மால் இயலும். "உன் தந்தை என்ன வேலை செய்கிறார்?" என்னும் வினாவை நாற்பது பேர் முன்னிலையில் கேட்காதிருத்தலும் இயலும். மாணவச் செல்வங்களே, தந்தையின் வேலை போகலாம். அதனால் தந்தை சிறியவர் ஆகிவிடுவதில்லை. அவர் அன்று மாலை வீடு திரும்பும்போது, வழக்கம்போல் அவர் கைப்பையை வாங்கி வையுங்கள். அது பொருளியல் பாடத்தில் இல்லாத உதவி.

மந்தம் இனியும் வரும். இழந்த வருவாயைப் பின்னர் ஈட்டிக்கொள்ளலாம். மூடிய தொழிற்சாலையின் இடத்தில் வேறொன்று எழலாம். பத்து வயதில் சபை நடுவே தலைகுனிந்த பிள்ளையின் தலையை மீண்டும் நிமிர்த்துவதே அரிது. ஆகவே, கொடுப்போம்; பெயரைக் கூப்பிடாமல் கொடுப்போம்.