மருந்தும் மருத்துவனும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



திருவாகிய பிராட்டி தங்கித் தவம் இயற்றியதால் திருத்தங்கல் என்று பெயர் பெற்றது இத்திவ்ய தேசம். பூதத்தாழ்வாராலும் திருமங்கையாழ்வாராலும் மங்களாசாஸனம் செய்யப்பெற்ற நின்ற நாராயணனையும் செங்கமலத் தாயாரையும் ஸேவித்துத் திருவிழாவைக் கண்டு களிக்க வந்திருக்கும் அடியார்களுக்கு அடியேனுடைய விண்ணப்பம் ஒன்று உண்டு. அது ஓர் அம்மாள் கேட்ட கேள்வியைப் பற்றியது. அதற்கு அடியேன் உடனே சொல்லத் தவறிய விடையைப் பற்றியதும் ஆகும்.

சென்ற புரட்டாசி முதற் சனிக்கிழமை. கூட்டம் நெருக்கிக்கொண்டிருந்தது. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் அந்த அம்மாள் தீர்த்தத்துக்குக் கை நீட்டியபடியே, "சாமி, ஒரு மாசமா இருமல் நிக்கலை. நாலு சனிக்கிழமை விளக்குப் போட்டாப் பெருமாள் சரியாக்கிருவாரா? ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போயிரும்" என்றார். அடியேன் தீர்த்தமும் துளஸியும் கொடுத்து, "எல்லாம் பெருமாள் பார்த்துக்கொள்வான் அம்மா" என்று சொல்லி அடுத்தவரிடம் திரும்பிவிட்டேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சொன்ன சொல் பொய்யன்று; ஆயினும் அது முழு விடையும் அன்று. அதை அடியேன் அறியாதவனும் அல்லேன்.

நம் விருதுநகர், சிவகாசிச் சீமையில் மருந்து என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் வழங்குகின்றன. வைத்தியர் கொடுப்பதும் மருந்து. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் சேர்ந்த கலவையும் மருந்து. ஒன்று உயிரைக் காக்கும். மற்றொன்று நொடியில் உயிரை வாங்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது மனிதனுடைய கருத்தும் கவனமுமே. ஸ்ரீவிஷ்ணு ஸஹஸ்ரநாமத்திலோ பேஷஜம், பிஷக் என்ற இரண்டு திருநாமங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மருந்தும் அவனே, மருத்துவனும் அவனே என்பது இவற்றின் கருத்து. அங்ஙனமாயின் மருத்துவரை நாடிச் செல்வது பெருமாளைக் கைவிடுவது ஆகுமோ? அவன் எந்தக் கையால் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வதன்றோ அடிமைக்கு அழகு!

பக்திக்கு உடம்பு எதற்கு என்று சிலர் வினவுவர். இதற்கு ஸ்வாமி ராமாநுஜரே ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில் விடை அருளியிருக்கிறார். பக்தி முதிர்வதற்கு ஏழு ஸாதனங்களை வாக்யகாரர் வகுத்ததை ஸ்வாமி எடுத்துக்காட்டுகிறார். விவேகம், விமோகம், அப்யாஸம், க்ரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம் என்பன அவை. முதலாவதான விவேகம் என்பது யாது? பழுதற்ற உணவினால் உடம்பைத் தூய்மையாக வைத்துக்கொள்வது. ஆஹாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும். உள்ளம் தூய்மையானால் பகவானைப் பற்றிய நினைவு நிலைபெறும் என்பது சாந்தோக்ய உபநிஷத்தின் வழி. அதாவது, மோக்ஷத்துக்குச் செல்லும் ஏணியின் முதற்படி நம் வீட்டு அடுக்களையில் இருக்கிறது!

கடைசி இரண்டு படிகள் மனத்தைப் பற்றியவை. அநவஸாதம் என்பது துன்பத்தை நினைந்து நினைந்து சோர்ந்து போகாதிருத்தல். அநுத்தர்ஷம் என்பது மகிழ்ச்சியில் நிலை மறந்து துள்ளாதிருத்தல். வலிமையற்றவனால் ஆத்மாவை அடைய முடியாது என்ற உபநிஷத்தின் கருத்தை ஸ்வாமி அநவஸாதத்துக்கே பிரமாணமாகக் காட்டுவது கவனிக்கத்தக்கது. மனச் சோர்வே பெரிய பலவீனம் என்று இதனால் விளங்குகிறது. உடம்பில் தொடங்கி, ஒழுக்கத்தின் வழியாக நடந்து, மனத்தில் முடிகிறது இந்த ஏழு படி. இவற்றில் ஒன்றை விட்டு ஒன்றில் ஏறலாகாது.

பாடசாலையில் இதைப் பாடமாக ஓதியவன்தான் அடியேன். ஆனால் ஓதியது வேறு, நடந்தது வேறு. சில ஆண்டுகளுக்கு முன் அடியேனுக்குச் சர்க்கரை நோய் கண்டது. "ஸந்நிதிப் பிரஸாதம் என்ன கெடுதி செய்யும்?" என்று அக்காரவடிசிலையும் சர்க்கரைப் பொங்கலையும் அளவின்றி உண்டேன், மாத்திரையை மறந்தேன். வெயிலில் காய்ந்த கல்தளத்தில் வெறுங்காலுடன் நடந்ததில் பாதத்தில் ஒரு கொப்புளம். உணர்ச்சி குறைந்திருந்த காலுக்கு அதன் வலி தெரியவில்லை. திருமந்திரம் ஜபித்தால் போதும் என்றிருந்தேன். புண் முற்றிய பிறகு மருத்துவர், "விரலை எடுக்க வேண்டி வரலாம்" என்றார். அங்கக் குறை உள்ளவன் பெருமாளைத் தொட்டு ஆராதிக்கலாகாது என்று பெரியோர் சொல்லக் கேட்டிருந்த அடியேன் குழந்தை போல் அழுதேன். எந்தக் கைங்கர்யத்தைக் காரணம் காட்டி உடம்பைப் புறக்கணித்தேனோ, அந்தக் கைங்கர்யமே கைநழுவ இருந்தது! அவன் அருளாலும் மருத்துவரின் திறத்தாலும் விரல் தப்பியது.

அப்போதுதான் கீதையின் 17ஆம் அத்தியாயம் நெஞ்சில் தைத்தது. சாஸ்திரம் விதிக்காத கொடுந்தவத்தால் உடம்பை வாட்டுபவர்கள், அவ்வுடம்புக்குள் உறையும் தன்னையும் வாட்டுகிறார்கள் என்று கண்ணன் கண்டிக்கிறான். பட்டினி கிடந்து வாட்டுவது மட்டுமா வாட்டுதல்? நோயை அறிந்தும் கவனியாமல் விடுவதும் அதுவே. உலகமனைத்தும் அவனுக்குத் திருமேனி என்பது நம் ஸித்தாந்தம். நம் உடம்பு மட்டும் அதற்குப் புறம்பாகுமோ?

மனத்துக்கும் உடம்புக்கும் உள்ள தொடர்பை நம் ஊர்த் தொழிலாளர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. மருந்து கலக்கும் கை பதறலாகாது, உரசல் ஆகாது, அவசரம் ஆகாது. வீட்டுச் சண்டையையும் கடன் கவலையையும் சுமந்துகொண்டு மருந்தறைக்குள் நுழைவது பேராபத்து. இருப்பினும், விபத்துக்கெல்லாம் தொழிலாளியின் மனமே காரணம் என்று சொல்வது பெரும் பாவம். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. ஓர் அறையில் அளவுக்கு மிஞ்சி ஆட்களையும் மருந்தையும் அடைப்பவர்களுக்கும் ஏழு படிகளில் ஒன்று உண்டு. கல்யாணம் என்ற படியில் ஸத்யமும் தயையும் அஹிம்ஸையும் அடங்கும். பெருமாளுக்குப் பொற்கவசம் சாற்றுவதினும், தம்மிடம் வேலை செய்பவரின் உயிருக்குக் காவல் செய்வது அவன் திருவுள்ளத்துக்கு உகப்பு என்பதில் ஐயமில்லை.

நாம ஸங்கீர்த்தனத்தால் உடம்புக்கு நன்மை உண்டா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கிறிஸ்தவ ஜபமாலையையும் யோக மந்திரத்தையும் சிலரை ஓதச் செய்து அளந்தார்கள். ஓதுகையில் மூச்சு நிமிஷத்துக்கு ஏறத்தாழ ஆறாகத் தணிந்தது; இதயத்தின் இயக்கமும் அதனுடன் இசைந்தது. நிதானமாக நாமம் சொல்பவனுடைய பதற்றம் அடங்குவது இதனால் விளங்கும். ஆனால் இது நாமத்தின் பக்கப் பயன் மட்டுமே. மாங்கனி தின்பவனுக்கு மரத்தின் நிழலும் கிடைப்பது போல.

பக்தி செய்தும் நோய் தீரவில்லையே என்று வருந்துவோர் கூரத்தாழ்வானை நினைக்க வேண்டும். ஆசார்யனுக்காகக் கண்களை இழந்தவர் அவர். ஸ்வாமி ராமாநுஜரின் நியமனப்படி காஞ்சியில் பேரருளாளனைத் துதித்து நின்றபோது, தம் கண்களைக் கேளாமல், தமக்குத் தீங்கு செய்த நாலூரானுக்கும் தாம் பெறும் கதியே கிடைக்க வேண்டும் என்று கேட்டார் என்பது குருபரம்பரை வரலாறு. அவருடைய பக்தியில் குறையிருந்ததால் கண் போயிற்று என்று எவரேனும் சொல்லத் துணிவாரோ? ஆகையால் நோயாளியைப் பார்த்து, "உனக்கு நம்பிக்கை போதவில்லை" என்று ஒருகாலும் சொல்லாதீர்கள். நோய் உடம்புக்கு வருவது. அதைத் தாங்கும் திண்மையைத் தருவது பக்தி.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாளைக் கூட்டத்தில் தேடிக் கண்டுபிடித்தேன். "அம்மா, விளக்கை ஏற்றுங்கள், ஆனால் நாளைக் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்கும் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நின்ற இருமலுக்குச் சளியைப் பரிசோதித்தே ஆகவேண்டும். ஒருநாள் கூலி போனால் போகட்டும். நீங்கள் போய்விட்டால் பிள்ளைகளுக்கு யார்?" என்றேன். அவர் போனார். காசநோய் என்று தெரிந்து, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே மருந்து கொடுத்தார்கள். ஆறு மாத மருந்தையும் இடையில் விடாமல் உண்டு முடித்து, இன்று இத்திருவிழாவுக்குத் தம் பிள்ளைகளுடன் வந்திருக்கிறார்.

இத்தலத்துக் கருடாழ்வாரை நன்றாக ஸேவியுங்கள். ஒரு திருக்கையில் நாகம். மற்றொரு திருக்கையில் அமுத கலசம். நஞ்சும் அமுதும் ஒருங்கே ஏந்தியும் அவர் கலங்கவில்லை. ஏனைய இரு கைகளும் பெருமாளை நோக்கிக் குவிந்தே இருக்கின்றன. நாள்தோறும் ஆபத்தைக் கையில் ஏந்தி உழைக்கும் நம் மக்களுக்கு இதைவிடச் சிறந்த உபதேசம் எது? உங்கள் கையில் மருந்து இருக்கட்டும். நெஞ்சில் மருத்துவன் இருக்கட்டும். திருவிழா முடிந்து ஊர் திரும்புகையில், தள்ளிப்போட்ட ஒரு பரிசோதனை உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ இருக்குமானால், அதைப் பெருமாளின் நியமனமாகவே கொண்டு செய்துகொள்ளுங்கள். நீங்கள் அடுத்த ஆண்டும் இதே வாசலில் வந்து நிற்பதைக் காண்பதே அடியேனுக்குப் பரம ப்ரீதி.

அடியேன் ராமாநுஜ தாஸன்.