நோயாளியின் சாட்சி

கதை எழுதுகிறவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தன் பாத்திரம் சொல்வது நிஜமா, பொய்யா என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும். மனநோய் டாக்டருக்கு அந்தச் சௌகரியம் கிடையாது. எதிரே உட்கார்ந்து, "போலீஸ் என்னைப் பின்தொடர்கிறது" என்று ஒருவன் சொன்னால் அவர் என்ன செய்வார்? தெருவில் இறங்கிப் பார்த்துவிட்டு வரவா முடியும்?

ஹெமிங்வேயின் கடைசி மாதங்களைப் பற்றிப் படித்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. 1960 நவம்பரில் ஓர் இரவு, ஐடஹோ மாநிலத்தில் ஒரு பாங்கியைக் காரில் கடந்து போகிறார். உள்ளே விளக்கு எரிகிறது. இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். எப்.பி.ஐ. என்ற அமெரிக்கத் துப்பறியும் இலாகா தம் கணக்கைத் துருவுகிறது என்று ஹெமிங்வே சொன்னாராம். கூட இருந்த நண்பர் ஹாட்ச்னர் நம்பவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே மேயோ ஆஸ்பத்திரியில் வேறு பெயரில் சேர்த்து, மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள். 1961 ஜூலை 2ஆம் தேதி அவர் தற்கொலை செய்துகொண்டார்.

1980களில் எப்.பி.ஐ.யின் கோப்பு வெளிவந்தது. கியூபாவில் அவர் வசித்த 1942 முதலே அவரைப் பற்றிக் குறித்து வந்திருக்கிறார்கள். அதில் 1961 ஜனவரிக் கடிதம் ஒன்று. வேறு பெயரில் சேர்ந்ததற்காக எப்.பி.ஐ. விசாரிக்குமோ என்ற கவலை சிகிச்சைக்கு இடைஞ்சலாக இருக்கிறது. அப்படி ஒன்றுமில்லை என்று நோயாளியிடம் சொல்ல அனுமதி வேண்டும் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். ஆட்சேபணை இல்லை என்று பதில். டாக்டர் நல்ல எண்ணத்தோடுதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியும் நோயாளியின் கோப்பிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது!

படித்தவுடன் எனக்கு டாக்டர்மேல் கோபம் வந்தது. அப்புறம் ஆறிற்று. கோப்பு இருந்தது என்பதற்காகப் பாங்கியில் இருந்தவர்கள் உளவாளிகள் ஆகிவிடமாட்டார்கள். மனைவி உண்மையிலேயே துரோகம் செய்தாலும் கணவனின் சந்தேகம் பிரமையாகவே இருக்கலாம் என்பது கார்ல் யாஸ்பர்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞரின் கருத்து. அந்த நம்பிக்கை எந்த வழியாக வந்தது, ருசு காட்டினால் அசைகிறதா என்றுதான் டாக்டர் பார்க்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே ருசு என்று வந்தது யாருடைய வார்த்தை? நோயாளி யாரைக் கண்டு பயந்தாரோ, அவர்களுடைய வார்த்தை. "விசாரித்தேன், அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், அதற்குமேல் எனக்குத் தெரியாது" என்று டாக்டர் சொல்லியிருந்தால் நோய் தீர்ந்திருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் அந்த மனிதர் தனியாக இருந்திருக்கமாட்டார்.

ஹாட்ச்னர் 2011இல், தொண்ணூறு வயதைத் தாண்டியபின், நண்பரின் பயத்தைத் தாம் தவறாக எடைபோட்டுவிட்டதாக எழுதினார்.