நம்பாத பிள்ளைக்கும் வீட்டில் இடம் உண்டு

2017 மார்ச்சில் கோவையில் ஃபாரூக் என்ற இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். இறைநம்பிக்கையைத் துறந்து, திராவிடர் விடுதலைக் கழகத்தில் இயங்கியவர் அவர். மகனைப் பறிகொடுத்த தந்தை, தாமும் அந்த இயக்கத்தில் சேரப்போவதாக அறிவித்தார். வெட்டியவர்களைச் சட்டம் பார்த்துக்கொள்ளும். பிறந்த மதத்திலேயே ஒருவன் சாக வேண்டும் என்ற எண்ணத்தை யார் விசாரிப்பது? அது எல்லா மதத்தார் வீடுகளிலும் சாதுவாகக் குடியிருக்கிறது. திருநீறு பூச மறுக்கும் மகளிடம் முகங்கொடுத்துப் பேசாத தாய், தொழுகையை விட்ட மகனின் படிப்புச் செலவை நிறுத்துவதாக மிரட்டும் தகப்பன், ஞாயிறு பூசைக்கு வராத பேரனைச் சபிக்கும் பாட்டி என அதற்குப் பல முகங்கள்.

வளரும் வயதில் நம்பிக்கை கழன்றுபோன பிள்ளையை வற்புறுத்திக் கும்பிட வைப்பது அறமாகாது. நம் ஆன்றோர் எவரும் அதற்கு உடன்பட மாட்டார்கள்.

யார் சொல்லக் கேட்டாலும் அதன் மெய்ம்மையைத் தேர்வதே அறிவு என்றார் வள்ளுவர். உள்ளொன்று வைத்துப் புறத்தே வேடமிடுவோரைக் கண்டிக்கக் கூடாவொழுக்கம் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். மரபு என்பதற்காகவோ குரு சொன்னார் என்பதற்காகவோ எதையும் ஏற்க வேண்டாம் எனக் கேசபுத்தத்துக் காலாமருக்குப் போதித்தார் புத்தர். பால் வற்றிய கிழட்டுப் பசுக்களைத் தானம் கொடுத்த தந்தையைக் கேள்வி கேட்ட நசிகேதனைக் கடோபநிடதம் ஞானத்துக்கு உரியவனாக்கியது. வஞ்சியில் பல சமயத்தார் கொள்கைகளைக் கேட்ட மணிமேகலை, மறுமையை மறுத்த பூதவாதியின் வாதத்துக்கும் செவி கொடுத்தாள். சைவ சமயத்தில் முன்பு தமக்கிருந்த பற்று போய்விட்டதை 1873இல் மேட்டுக்குப்பத்தில் வள்ளலாரே வெளிப்படையாகச் சொன்னார்.

இவர்களைவிடப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டியவர் திலகவதியார். தம்பி மருள்நீக்கியார் சமணம் புகுந்து தருமசேனர் ஆனபோது அவர் அதிகையில் இறைவனிடம் முறையிட்டார், தம்பியைப் பகைக்கவில்லை. சூலை நோயோடு தேடி வந்த தம்பிக்கு அக்காவின் மடத்துக் கதவு திறந்தே இருந்தது.

பெற்றோரின் கலக்கமும் பொய்யில்லை. திதி கொடுக்க ஆளின்றிப் போகுமோ, ஜமாத்திலும் சபையிலும் தலைகுனிய நேருமோ என்று அஞ்சுகிறார்கள். அம்மா ஏற்றும் விளக்கைப் பிள்ளைகள் ஏளனம் செய்யலாகாது. ஆயினும் ஊராரின் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையின் மனச்சான்றைப் பலியிட எந்தச் சாத்திரமும் சொல்லவில்லை. அரசமைப்பின் 25ஆம் பிரிவு மத உரிமையைப் பேசும்போதே மனச்சான்றின் சுதந்திரத்தையும் காக்கிறது.

பயந்து கூப்பிய கையால் கடவுளுக்கு என்ன பெருமை? அந்தக் கையை வளர்த்தவர்களுக்குத்தான் என்ன பெருமை? பெற்றோரே, பிள்ளையிடம் உண்மையைக் கேளுங்கள்; கேட்டபின் தண்டிக்காதீர்கள். கடவுள் உண்டென்று உறுதியாக நம்புகிறவர், தம் பிள்ளையை அவர் பொறுப்பில் விட ஏன் அஞ்ச வேண்டும்?