ஆட்டத்தில் மலர்ந்த தோழமை

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரிலே பழைய வீடியோ கேம் ரசிகர்கள் கூடும் விழாவில், 2018ஆம் ஆண்டு, 1989இல் நின்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸ் ஆட்டத்தின் உலகப் போட்டி இறுதிச் சுற்றில், 7 முறை பட்டம் வென்ற ஜோனாஸ் நியூபாவரை, அந்த ஆட்டம் வெளிவந்து பல்லாண்டுகளுக்குப் பின் பிறந்த 16 வயது ஜோசப் சேலி தோற்கடித்தபோது, மூத்தவர் இளையவரை மனமாரப் பாராட்டினார். தத்தம் வீட்டில், பிறர் கண்ணுக்கு வீண்பொழுதாகவே தோன்றிய ஏகாந்த சாதகத்தில் தேர்ந்தவர்கள், தாம் கண்ட சூட்சுமங்களை அங்கே முன்பின் அறியாதாரோடு பகிர்ந்துகொள்கையில், வயதென்னும் பேதமே அகன்றுவிடுகிறது! இன்றைய திரைகளில் காட்சி சற்றே பிந்துமென்பதால், கனத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளையே சுமந்து வந்து வைக்கும் அவர்களது சிரத்தையை நான் பெரிதும் போற்றுகிறேன்.