கைதட்டிய இடம் எது?

சினிமா பார்த்து வாழ்க்கைக்கு ஏதாவது கற்க முடியுமா என்று கேட்டால் நம் ஊரில் இரண்டு பதில்கள் வரும். சினிமாதான் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பது ஒன்று. எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்ததால்தான் நான் குடியையும் சிகரெட்டையும் தொடவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது பதிலைச் சொல்லும் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதே தலைமுறையைச் சேர்ந்த எத்தனையோ பேர் ரஜினிகாந்த் சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கும் அழகைத் தெருமுனையில் நின்று பழகினார்கள். 2012-இலிருந்து புகையிலை எச்சரிக்கை இல்லாமல் திரையில் புகைக்கும் காட்சி வர முடியாது. திரையின் ஓரத்தில் அந்த எழுத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே நம் கண் நாயகனின் உதட்டைத்தான் பார்க்கிறது.

இதை யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று உறுதியாகிக்கொண்டே வருகிறது. படம் வாய்விட்டுச் சொல்லும் கருத்து நம்மிடம் அவ்வளவாகத் தங்குவதில்லை. எந்த இடத்தில் நாம் கைதட்டினோமோ, எந்த இடத்தில் தொண்டை அடைத்ததோ, அதுதான் உள்ளே தங்குகிறது. படத்தில் பாடம் தேடுகிறவர் முதலில் தேட வேண்டியது அந்த இடத்தை.

காந்தி சிறுவனாக இருந்தபோது அரிச்சந்திரன் நாடகம் பார்த்தார். அந்தக் கதை தன்னை விடாமல் பற்றிக்கொண்டதையும், தனக்குள்ளேயே எண்ணற்ற முறை அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததையும் சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். உண்மை பேச வேண்டும் என்ற செய்தி அந்தச் சிறுவனுக்குப் புதிதாக இருந்திருக்காது. வீட்டிலும் பள்ளியிலும் கேட்டதுதான். அரிச்சந்திரன் படும் பாட்டைத் தானும் பட்டுப் பார்த்தபோதுதான் அது அவருடையதாயிற்று. அதே கதையைத்தான் 1913-இல் தாதாசாகேப் பால்கே இந்தியாவின் முதல் முழுநீளக் கதைப்படமாக எடுத்தார். நம் சினிமா பிறந்ததே அறக்கதையின் மடியில்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறார். உள்ளத்தில் எழுவது உடம்பில் வெளிப்படும் என்பது அதன் அடிப்படை. திரையரங்க இருட்டில் நாம் நம்மை மறைக்க முயல்வதில்லை. சிரிக்கிறோம், விசில் அடிக்கிறோம், அழுகிறோம். நம் மனம் இன்னதென்று நமக்கே தெரியும் நேரம் அதுபோல வேறு அதிகம் கிடைப்பதில்லை.

இந்த வகையில் என்னை அதிகம் உலுக்கிய படம் மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்'. 1979-இல் வந்தது. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து பொறி எடுத்த கதை. விஜயன் நடித்த சுந்தரவடிவேலு ஊரில் செல்வாக்குள்ளவன். பிறர் துன்பத்தில் சுகம் காண்கிறவன். நோயாளி மனைவியை அணு அணுவாக வதைக்கிறான். அவள் இறந்த பிறகும் அவன் கொடுமை அடங்கவில்லை. மைத்துனியை அவன் அவமானப்படுத்தும் காட்சிக்கு வரும்போது, இவன் தொலைய மாட்டானா என்று பார்க்கிற நாம் ஒவ்வொருவரும் பல்லைக் கடிக்கிறோம். ஊர் திரள்கிறது. ஆற்றில் இறங்கிச் சாகும்படி அவனை நெருக்குகிறது. நாம் கேட்டது கிடைத்துவிட்டது. அப்போது அவன் ஊராரைப் பார்த்துச் சொல்கிறான்: இதுவரை நல்லவர்களாக இருந்த உங்களையும் என்னைப் போல ஆக்கிவிட்டேன், நான் செய்ததிலேயே பெரிய தவறு இதுதான் என்று. பிறகு ஆற்றில் இறங்குகிறான். கரையில் அவனுடைய இரண்டு பிள்ளைகள் அநாதைகளாக நிற்கிறார்கள்.

அந்தச் சொல் ஊராரை நோக்கியதாகத் தெரிந்தாலும் வந்து விழுவது நம் மேல்தான். அவன் சாக வேண்டும் என்று அரங்கில் உட்கார்ந்து விரும்பியவர்கள் நாமல்லவா? மகேந்திரன் அவனை மன்னிக்கச் சொல்லவில்லை. அவன் செய்த எதையும் நியாயப்படுத்தவில்லை. ஒரு கொடியவனைத் தண்டிக்கும் வேகத்தில் ஊர் தன்னை மறந்தால் யாருக்கு என்ன மிஞ்சும் என்பதை அந்தக் குழந்தைகளின் முகத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். திருட்டுப் பட்டம் கட்டி ஒருவனைக் கம்பத்தில் கட்டி அடிக்கும் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஆற்றங்கரை நினைவுக்கு வருகிறது. கூட்டத்தில் ஒருவராக இருப்பது எவ்வளவு எளிது என்பதை எந்த நீதி நூலும் எனக்கு இவ்வளவு கூர்மையாகச் சொன்னதில்லை.

கைதட்டல் படத்தின் கருத்தையே தோற்கடித்ததும் உண்டு. 1992-இல் வந்த 'தேவர் மகன்' சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பரதன் இயக்கம், கமல்ஹாசன் எழுத்து. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த சக்தி, தந்தை இறந்ததும் ஊர்ப்பகைக்குள் இழுபடுகிறான். கடைசியில் அவன் கையாலேயே கொலை நடந்துவிடுகிறது. பழியைத் தாங்கள் ஏற்கிறோம் என்று முன்வருகிறவர்களை மறுத்துத் தானே போலீசிடம் சரணடைகிறான். ஆயுதத்தைக் கீழே போடுங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று மன்றாடுகிறான். வன்முறைக்கு எதிராக இதைவிடத் தெளிவாக ஒரு வெகுசனப் படம் பேச முடியுமா? ஆனால் ஊர் எடுத்துக்கொண்டது அந்த மன்றாட்டையா? மீசையையும் அரிவாளையும் 'போற்றிப் பாடடி பெண்ணே' பாட்டையும்தான். அந்தப் பாட்டு பல ஊர்களில் சாதிப் பெருமைக்கு ஒலிபெருக்கியில் முழங்கியது. பக்கத்துத் தெருவில் இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

அந்தத் தெருவிலிருந்து பதில் வந்தது. அதே படத்தில் இசக்கி என்றொரு பாத்திரம் உண்டு. வடிவேலு நடித்தது. முதலாளியின் சொல்லுக்காகக் கோயில் பூட்டைத் திறக்கப் போய்க் கையை இழக்கிறவன். 2023-இல் மாரி செல்வராஜ் 'மாமன்னன்' எடுத்தபோது, அந்த இசக்கி மாமன்னன் ஆனால் என்ன ஆகும் என்ற கேள்வியிலிருந்து தன் படம் பிறந்ததாகக் கமல்ஹாசன் முன்னிலையிலேயே சொன்னார். நாயகனுக்கு அரங்கம் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தபோது, அரங்கின் ஒரு மூலையில் யாரோ இசக்கியின் வெட்டுண்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இதில் எனக்குள்ள பாடம் இது: ஒரு காட்சியில் நான் நெகிழும்போது, இதே காட்சியில் கூனிக்குறுகுகிறவர் யார் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அப்படிக் கேட்கப் பெரிய படிப்பு தேவையில்லை. ஒருமுறை வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியில் ஒரு பழைய படம் பார்த்துக்கொண்டிருந்தோம். நாயகன் ஒரு பெண்ணைப் பேருந்து நிறுத்தம் வரை விடாமல் பின்தொடர்கிறான். வீடு முழுக்கச் சிரிப்பு. என் அக்கா மகள் என் பக்கம் திரும்பி, "எதுக்கு சித்தி எல்லாரும் சிரிக்கறாங்க? அந்த அக்கா பயந்துதானே வேகமா நடக்கறாங்க?" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் படத்தில் யாரும் எழுதி வைக்காத ஒரு பாடத்தை அவள் எங்களுக்கு எடுத்துக் கொடுத்தாள்.

நல்லவன், கெட்டவன் என்று பிரித்துக் கைதட்டவே விடாத படங்களும் இருக்கின்றன. மனிதர்களைப் புரிந்துகொள்ள அவைதான் பெரிதும் உதவுகின்றன. உமாசந்திரனின் நாவலிலிருந்து மகேந்திரன் 1978-இல் எடுத்த 'முள்ளும் மலரும்' அப்படிப்பட்டது. விஞ்ச் ஆபரேட்டர் காளிக்குத் தங்கை வள்ளிதான் உலகம். புதிதாக வந்த இன்ஜினியரை அவனுக்குப் பிடிக்காது. அந்த இன்ஜினியரே தங்கையை மணக்க நிற்கிறான். வள்ளி அண்ணனை விட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் அண்ணனே பெரிது என்று ஓடி வருகிறாள். அது போதும் காளிக்கு. தங்கையை அந்த இன்ஜினியரின் கையிலேயே ஒப்படைக்கிறான். ஒப்படைத்துவிட்டு, இப்போதும் உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்று அவனிடமே சொல்கிறான். இந்த இடம் எனக்குப் பொக்கிஷம். அன்புக்காக விட்டுக்கொடுக்கலாம், அதற்காக மனசில் இல்லாததை இருப்பதாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் குடும்பங்களில் எத்தனை சம்பந்தங்கள், எத்தனை பங்காளி உறவுகள் இந்த நேர்மை இல்லாமல் உள்ளுக்குள் புழுங்கிக் கிடக்கின்றன!

'பரியேறும் பெருமாள்' 2018-இல் வந்தது. உடன் படிக்கும் பெண்ணோடு பழகியதற்காகச் சட்டக் கல்லூரி மாணவன் பரியனை அடித்து அவமானப்படுத்துகிறார்கள், அவன் தந்தையைத் தெருவில் ஓடவிடுகிறார்கள், கடைசியில் கொல்லவும் ஆள் அனுப்புகிறார்கள். வழக்கமான படமாக இருந்தால் அவன் திருப்பி வெட்டியிருப்பான், அரங்கம் அதிர்ந்திருக்கும். பரியன் அந்தப் பெண்ணின் அப்பாவுடன் உட்கார்ந்து பேசுகிறான். நீங்கள் நீங்களாகவே இருந்து, நான் நாயாகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற வரை எதுவும் மாறாது என்கிறான். அந்தக் காட்சியில் கைதட்ட முடியாது. கை எழாது. கொல்லும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக நினைக்காமல் தன் மதிப்பை நிலைநாட்டுவது எப்படி என்று அந்தப் பையன் நமக்குக் காட்டிவிட்டுப் போகிறான்.

அறத்தைக் கற்றுத்தர வேண்டும் என்று எடுக்கிற படங்களைவிட, நம்மைச் சோதித்துப் பார்க்கிற படங்களே நமக்கு அதிகம் தருகின்றன என்பது என் தீர்மானம். வெகுசனப் படம் என்று எதையும் தள்ள வேண்டாம். மசாலாப் படத்திலும் ஒரு கணம் நம்மை நமக்குக் காட்டிவிடும். பார்க்கிற கண் வேண்டும், பார்த்ததைப் பேச ஒரு வீடு வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளைகளோடு படம் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, இந்தப் படத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்காதீர்கள். பள்ளியில் சொல்வது போல ஒரு பதில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த இடத்தில் கைதட்டினாய், ஏன் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லி முடித்ததும், நீங்கள் கைதட்டிய இடத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.