பெருவிலங்கு வேட்டையும் துப்பாக்கித் தேர்வின் அறமும்

மான், காட்டெருமை, கரடி போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட நினைப்பவர் துப்பாக்கிக் கடையில் நிற்கும்போதே ஓர் அறக் கேள்விக்கு விடை சொல்லிவிடுகிறார். எந்த ரைஃபிள், எந்தக் காலிபர், எவ்வகைக் குண்டு என்று அவர் முடிவு செய்கையில், இன்னும் கண்ணில் படாத ஒரு விலங்கு எப்படிச் சாகும் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. வேட்டை தகுமா தகாதா என்ற வாதம் மிகப் பழையது. அந்த வாதத்தின் நிழலில் மறைந்துபோன இன்னொரு கேள்வி உண்டு: கொல்ல உரிமை உண்டு என்றே ஒருவர் கொண்டாலும், கொல்லப்படும் உயிருக்கு அவர் பட்டிருக்கும் கடன் என்ன? துப்பாக்கியின் இயல்பு தெரியாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

காலிபர் என்பது குழலின் உள்விட்டத்தையும் அதற்குப் பொருந்தும் குண்டின் பருமனையும் சுட்டும் அளவு. பெரும்பாலான அமெரிக்க, ஆங்கிலேயத் தோட்டாக்களுக்கு அது அங்குலத்திலும், ஐரோப்பியத் தோட்டாக்களுக்கு மில்லிமீட்டரிலும் சொல்லப்படுகிறது. .30-06 என்ற புகழ்பெற்ற தோட்டாவின் பெயரில் முதல் எண் அங்குல அளவு. இரண்டாவது, அமெரிக்கப் படை அதை ஏற்றுக்கொண்ட 1906ஆம் ஆண்டு. 11.7 கிராம் எடையுள்ள குண்டை அது வினாடிக்கு ஏறத்தாழ 820 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது; குழல் வாயில் அதன் ஆற்றல் சுமார் 3,900 ஜூல். ஆனால் விலங்கைக் கொல்வது இந்த எண் அன்று. மூளையோ கழுத்தின் தண்டுவடமோ சிதைந்தால் விலங்கு நின்ற இடத்திலேயே விழும். இதயமும் நுரையீரலும் துளைபட்டால் ரத்த அழுத்தம் சரிந்து சில வினாடிகளில் நினைவு தப்பும். அதற்குள் அது ஐம்பது, நூறு மீட்டர் ஓடிவிடவும் கூடும். குடலில் பட்டாலோ சாவு மணிக்கணக்கில் நீளும். எவ்வளவு பெரிய தோட்டாவானாலும் குடலில் பட்ட காயத்தை அது நெஞ்சில் பட்ட காயமாக மாற்றித் தராது. ஆகவே குண்டு உயிர்நிலை வரை ஆழமாகப் போக வேண்டும், உள்ளே போதுமான அளவு விரிய வேண்டும், சரியான இடத்தில் பட வேண்டும். முதல் இரண்டையும் கடையில் வாங்கலாம். மூன்றாவதைச் சுடுபவரே உழைத்துத் தேடிக்கொள்ள வேண்டும்.

கொல்லும் கருவியின் தன்மையை அறத்தோடு நேராக இணைத்துப் பேசிய மரபுகளில் இஸ்லாமியச் சட்டவியல் முதன்மையானது. உணவுக்காக வேட்டையாடுவதைக் குர்ஆன் அனுமதிக்கிறது. அடிபட்டோ விழுந்தோ செத்த விலங்கை விலக்குகிறது. எதைச் செய்தாலும் செம்மையாகச் செய்ய வேண்டும், கொன்றாலும் அப்படியே கொல்ல வேண்டும், கத்தியைத் தீட்டி விலங்கின் வேதனையைக் குறைக்க வேண்டும் என்று நபி அறிவுறுத்தியதாக ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் ஒரு செய்தி உண்டு. எறிகோலின் கூர்முனை துளைத்துச் செத்த விலங்கை உண்ணலாம், அதன் பக்கவாட்டு அடிபட்டுச் செத்ததை உண்ணக் கூடாது என்பது இன்னொரு நபிமொழி. துப்பாக்கி வந்தபோது இந்த வேறுபாடு பெரும் சிக்கலானது. ஈயக் குண்டுக்குக் கூர்முனை இல்லை. அது துளைக்கிறதா, மோதிக் கொல்கிறதா? 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டமாஸ்கஸில் வாழ்ந்த ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், அது எரித்தும் மோதியும் கொல்கிறது, வெட்டுவதில்லை என்று கருதி ஏற்க மறுத்தார். அதே காலத்தில் யேமனில் இருந்த அஷ்ஷவ்கானி, குண்டு உடலைத் துளைத்துச் செல்கிறது, ஆகவே ஆகும் என்றார். இருவருக்கும் நடுவில் இருந்தது இயந்திரவியல் கேள்வி. அதன் விடையைப் பொறுத்து உணவு ஆகுமானதாகவோ ஆகாததாகவோ ஆயிற்று. குண்டின் வடிவம் இறைவன் முன் பொருட்டுள்ளது என்று இருவருமே எடுத்துக்கொண்டதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

யூத மரபில் சுடப்பட்டுச் செத்த விலங்கு உணவுக்கு ஆகாது. மானை உண்ணலாம், ஆனால் அதை முறைப்படி கழுத்தறுத்திருக்க வேண்டும். பிராகா நகரின் தலைமை ராபியாக இருந்து 1793இல் மறைந்த யெஹெஸ்கேல் லாண்டாவிடம், சொந்தக் காடுகள் உள்ள ஒரு செல்வர் துப்பாக்கியோடு வேட்டைக்குப் போகலாமா என்று கேட்கப்பட்டது. மனிதத் தேவைக்காகக் கொல்வதை நேராகத் தடுக்கும் சட்டம் இல்லை, ஆனால் பொழுதுபோக்குக்காகக் கொல்வது ஆபிரகாமின் வழிவந்தவர்களின் இயல்பு அன்று என்பது அவர் விடை. வேதத்தில் வேட்டைக்காரர்களாகக் காட்டப்படுவோர் நிம்ரோதும் ஏசாவும்தான் என்றும் அவர் நினைவூட்டினார்.

இந்திய இதிகாசங்களில் வேட்டையின் தவறு பெரும்பாலும் விலங்கைக் கொன்றதில் இல்லை, கொன்ற முறையில் இருக்கிறது. மகாபாரதத்தில் மான் வடிவில் துணையோடு கூடியிருந்த கிந்தம முனிவரைப் பாண்டு அம்பால் அடிக்கிறான். மானை வேட்டையாடுவது அரசரின் வழக்கம் என்று பாண்டு வாதிடுகிறான். முனிவர் அதை மறுக்கவில்லை. அந்த வேளையைத் தேர்ந்த கொடுமைக்காகவே சபிக்கிறார். தசரதன் கதை இன்னும் நெருக்கமானது. சரயு நதிக்கரையின் இருட்டில் குடத்தில் நீர் நிறையும் ஒலியைக் கேட்டு, யானை நீர் குடிக்கிறது என்று நினைத்து அம்பெய்கிறான். அடிபட்டவன் பெற்றோருக்குத் தண்ணீர் எடுக்க வந்த முனிகுமாரன். ஒலியைக் கேட்டே குறி தவறாமல் எய்யும் திறமை தசரதனுக்குப் பெருமையாக இருந்தது. அந்தத் திறமையே அவனைக் கெடுத்தது. இலக்கு இன்னதென்று கண்ணால் உறுதி செய்யாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது என்று இன்று வேட்டைப் பயிற்சியில் அடிப்படைப் பாடமாகச் சொல்லப்படுகிறது. தேரவாத பௌத்த உரைகள் வேறொரு கோணத்தைத் தருகின்றன: பெரிய உடலுள்ள விலங்கைக் கொல்வதில் முயற்சி மிகுதி, ஆகவே குற்றமும் மிகுதி. பெருவிலங்கு வேட்டைக்கென்று தனித் துப்பாக்கி தேடுவதே அந்த மிகுதியான முயற்சியின் பகுதி என்று அந்தக் கணக்கில் சொல்ல வேண்டிவரும்.

குண்டின் வடிவத்தில் ஒரு விந்தையான முரண் இருக்கிறது. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதசாலையில் 1890களில் பிரிட்டிஷ் படைக்காக முனை மென்மையான குண்டு உருவாக்கப்பட்டது. உடலில் பட்டதும் அது விரிந்து பெருங்காயம் உண்டாக்கும். 1899இல் ஹேக் மாநாடு இத்தகைய குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதைத் தடை செய்தது. பெருவிலங்கு வேட்டையில் நிலைமை நேர் எதிர்: விரியாத முழு உறைக் குண்டை மான் வேட்டைக்கு எடுத்துச் செல்வதை அமெரிக்க மாநிலங்கள் பல தடை செய்திருக்கின்றன. மனிதருக்கு எதிராகக் கொடுமையானது என்று விலக்கப்பட்ட அதே குண்டு விலங்குக்கு இரக்கம் என்று கட்டாயமாக்கப்படுகிறது. இதில் பொய் ஏதும் இல்லை. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும். காயம்பட்டவனைத் தூக்கிச் செல்ல ஆள் உண்டு, மருத்துவமனை உண்டு. காயம்பட்ட மானுக்கு அவை இல்லை. அதற்குக் கொடுக்கக்கூடிய ஒரே சலுகை விரைவான சாவு. அதைக் கொடுக்க முடியாத குண்டு, சிறிதாக இருப்பதாலேயே மென்மையானது ஆகிவிடாது. யானை, ஆப்பிரிக்கக் காட்டெருமை ஆகியவற்றின் எலும்பும் தசையும் மிகத் தடித்தவை என்பதால், அங்கே ஆழம் போகும் திண்ணிய குண்டுக்கு மீண்டும் இடம் உண்டு.

இந்தக் கடனைச் சட்டமாக எழுதிய நாடுகளில் ஜெர்மனி முக்கியமானது. அங்கே ரோ மான் எனப்படும் சிறு மானைச் சுடும் குண்டுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். செம்மான், காட்டுப்பன்றி முதலிய மற்றக் குளம்பு விலங்குகளுக்குக் காலிபர் 6.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. 100 மீட்டரில் 2,000 ஜூல் வேண்டும். காயம்பட்ட விலங்கைத் தவிர்க்கக்கூடிய வேதனையிலிருந்து காக்கும் கடமையையும் அதே சட்டம் வேட்டைக்காரர்மேல் சுமத்துகிறது. நார்வேயில் பெருவிலங்கு வேட்டைக்குச் செல்பவர் ஆண்டுதோறும் சுடும் தேர்வில் தேற வேண்டும். 100 மீட்டரில் வைத்த மான் உருவத்தின் உயிர்நிலைப் பகுதிக்குள் ஐந்து குண்டும் பட வேண்டும். ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் வீழ்ந்த மானின் வாயில் கடைசிக் கவளமாக ஒரு பசுந்தளிரை வைப்பதும், கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு மனம் திரும்பியதாகச் சொல்லப்படும் புனித ஹூபர்ட்டின் திருநாளான நவம்பர் 3ஐ ஒட்டித் திருப்பலி நடத்துவதும் அழகான வழக்கங்கள். ஆனால் இரவெல்லாம் வயிற்றில் குண்டோடு கிடந்து செத்த மானின் வாயில் வைத்த தளிரைவிட, நார்வேயின் ஐந்து குண்டுத் தேர்வில் மரியாதை அதிகம்.

பெரிய காலிபரே இரக்கமானது என்றால் தேர்வு எளிது. அது அவ்வளவு எளிதன்று என்பதற்கு டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரரின் வாழ்க்கை சான்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவில் அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றில் பெரும்பாலானவை 7 மில்லிமீட்டர் அளவுள்ள .275 ரிக்பி என்ற சிறு தோட்டாவால் விழுந்தவை. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தை எல்லாக் கோணங்களிலும் அவர் மனத்தில் பதித்துக்கொண்டிருந்தார். தந்தத்துக்காக நடந்த அந்தக் கொலைகளைப் போற்ற வேண்டியதில்லை. அதில் உள்ள பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பாடத்தையும் தவறாகப் படிப்பவர் பலர். பெல்லின் சிறு தோட்டா பெல்லின் கையில்தான் போதுமானது. இன்று ஆப்பிரிக்க நாடுகள் பல யானைக்கும் காட்டெருமைக்கும் .375ஐக் குறைந்த அளவாக விதித்திருப்பது சராசரி வேட்டைக்காரரை மனத்தில் வைத்துத்தான்.

மறுபக்கத்தில் உதை இருக்கிறது. 1912இல் லண்டனில் வெளியான .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து, தோளில் கொடுக்கும் உதை .30-06இன் உதையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. உதைக்கு அஞ்சுபவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடுவார், தோளைக் குலுக்குவார். குண்டு நெஞ்சை விட்டு வயிற்றுக்குப் போகும். வீரம் காட்ட வாங்கிய பெருந்தோட்டா இப்படித்தான் கொடுமையின் கருவியாகிறது. தனக்குப் பழகிய 6.5 அல்லது 7 மில்லிமீட்டர் ரைஃபிளைத் தேர்ந்து, அதன் எல்லைக்கு உட்பட்ட மானை மட்டும் சுடுபவர் செய்வதே நேர்மையான செயல். தன் வலிமையின் அளவைத் தானே ஒப்புக்கொள்ளும் அடக்கம் இங்கே வெறும் குணநலன் மட்டும் அன்று. மானின் சாவு வினாடிகளில் முடிவதும் மணிக்கணக்கில் நீள்வதும் அதைப் பொறுத்தது. கருவியில் குறை இருந்தால் அதைத் திருத்துவதும் இதே பொறுப்பைச் சேர்ந்தது. அமெரிக்கரான ஜான் நோஸ்லர் 1946இல் கனடாவில் ஒரு மூஸ் மானைச் சுட்டபோது, சேறு உறைந்த அதன் தோலில் பட்ட குண்டுகள் உடைந்து சிதறின, ஆழம் போகவில்லை. முன்பாதி விரியவும் பின்பாதி உடையாமல் துளைத்துச் செல்லவும் நடுவில் தடுப்பு வைத்த குண்டை அவர் அதன் பிறகு உருவாக்கினார்.

விரைவான சாவு ஒன்றே கடன் என்றால், மிகத் துல்லியமான, மிகத் தொலைவு சுடும் கருவியே மிகச் சிறந்தது என்றாகும். ஸ்பானியத் தத்துவ அறிஞர் ஒர்தேகா இ காஸெத், யெபெஸ் பிரபுவின் வேட்டை நூலுக்கு 1942இல் எழுதிய நீண்ட முன்னுரையில் இதற்கு எதிரான கருத்தை வலுவாக வைத்தார். மனிதன் தன் தொழில்நுட்ப மேன்மையைத் தானே கட்டுப்படுத்திக்கொண்டு, விலங்குக்குத் தப்பும் வாய்ப்பை விட்டுவைத்தால்தான் அது வேட்டை. இல்லையெனில் வெறும் அழித்தல் என்பது அவர் நிலை. இரண்டு கடன்களும் ஒன்றோடொன்று இழுபடுவது உண்மை. 1902 நவம்பரில் மிசிசிப்பியில் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்காக ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவைத்தார்கள். கட்டுண்ட விலங்கைச் சுடுவது முறையன்று என்று அவர் மறுத்தார். படுகாயம் பட்டிருந்ததால் அதை வேதனையிலிருந்து விடுவிக்கவும் சொன்னார். கரடிப் பொம்மைக்கு அவர் பெயர் வரக் காரணமான அந்த நிகழ்ச்சியின் பின்பாதியைப் பலர் மறந்துவிட்டார்கள். தப்பும் வாய்ப்பு சுடுவதற்கு முன்பு விலங்குக்கு உரியது. சுட்ட பின்பு அதற்கு உரியது விரைவு மட்டுமே. தொலைநோக்கியும் கணிப்பொறியும் பூட்டிய ரைஃபிளால் 800 மீட்டரிலிருந்து மானைச் சுடுபவர் இரண்டையும் மறுக்கிறார். மானுக்கு அவர் இருப்பதே தெரியாது. குண்டு போய்ச் சேர ஒரு வினாடிக்கு மேல் ஆகும், அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தாலும் நெஞ்சுக்குரிய குண்டு வயிற்றில் பாயும்.

இந்த முழு விவாதத்தையும் ஏற்காத மரபும் உண்டு. சமணமும், திருக்குறளின் கொல்லாமை அதிகாரமும், 1983இல் விலங்குரிமை குறித்து நூல் எழுதிய டாம் ரீகனும் வலி குறைந்ததால் கொலை சரியாகிவிடாது என்பார்கள். அது சரியே. நல்ல துப்பாக்கி வேட்டையை நியாயப்படுத்தாது. கெட்ட தேர்வு, வேட்டை நியாயமானது என்று நம்புகிறவரின் நியாயத்தையும் பறித்துவிடும். சைவ உணவாளரின் கண்டனத்துக்கு முன்பே அவர் தன் மரபின் அளவுகோலிலேயே தோற்றுவிடுகிறார்.

தவறிய குண்டின் விளைவு அந்த ஒரு விலங்கோடு நிற்பதும் இல்லை. 1907இல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் சுட்ட சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. அதன் வலப்பக்கக் கோரைப் பற்கள் இரண்டும் பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதரிடம் திரும்பியதற்கு அதுவே காரணம் என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவர் சுட்டுவிட்டுத் தேடாமல் போன குண்டுக்குக் குமாவோன், நேபாளக் கிராமங்கள் விலை கொடுத்தன. சரியாகப் பட்ட குண்டும் தீங்கு செய்யக்கூடும். ஈயக் குண்டு உடலுக்குள் நுண்துகள்களாகச் சிதறுகிறது. வேட்டைக்காரர் காட்டில் விட்டுச்செல்லும் குடலைத் தின்னும் கழுகுகளும் வல்லூறுகளும் நஞ்சேறிச் சாகின்றன. 1980களில் முப்பதுக்கும் கீழே குறைந்துபோன கலிபோர்னியா காண்டர் கழுகுகளை மீட்கும் பணிக்கு இதுவே பெருந்தடையாக இருந்தது. கலிபோர்னியா மாநிலம் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயக் குண்டைத் தடை செய்துவிட்டது. பெருவிலங்குக்கு வழக்கமான காலிபர்கள் அனைத்திலும் இன்று செப்புக் குண்டு கிடைக்கிறது. மான் நெஞ்சில் அது ஈயத்துக்குக் குறையாமல் வேலை செய்கிறது. ஆகவே ஈயத்தை இனியும் தேர்வதற்கு, விலை சற்றுக் குறைவு என்பதைத் தவிர வேறு காரணம் ஏதும் மிச்சமில்லை.