நிறுத்தி வைத்த காட்சி

தொலைக்காட்சி இல்லங்களுக்குள் நுழைந்த நாள்தொட்டு அதன்மீது நாம் சுமத்திவரும் குற்றச்சாட்டு ஒன்று உண்டு. அது நம் நேரத்தைத் தன் விருப்பம்போல் ஆள்கிறது என்பதே. எட்டு மணிக்கு நாடகம் என்றால் அதற்கு முன்னரே சோறு பரிமாறியாக வேண்டும். செய்தி நேரம் வந்தால் வீட்டில் பேச்சு நின்றாக வேண்டும். இல்லத்தின் கடிகாரம் இல்லத்தாரிடம் இல்லை; எங்கோ இருந்த ஒளிபரப்பு நிலையத்தாரிடம் இருந்தது.

அக்கடிகாரத்தை மீட்டுத் தருவதாகச் சொல்லி வந்தவையே பதிவுக் கருவிகள். 1975-இல் சோனி நிறுவனம் வெளியிட்ட பீட்டாமாக்ஸ், நிகழ்ச்சிகளை நாடாவில் பிடித்து வைத்தது. ஆயினும் நாடாவைச் செருகவும் நேரத்தைக் குறிக்கவும் ஒருவர் நினைவாயிருக்க வேண்டியிருந்தது. 1999-இல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி ஆகிய டிஜிட்டல் பதிவுக் கருவிகள் விற்பனைக்கு வந்தபோது அத்தொல்லையும் நீங்கிற்று. நாடாவுக்குப் பதிலாகக் கணிப்பொறியில் உள்ளது போன்ற ஹார்டு டிஸ்க் வந்தது. தொடரின் பெயரை ஒருமுறை குறித்து வைத்தால், கருவியே அதனைத் தேடிப் பதிந்துகொண்டது. பார்த்துக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியையும் அது இடைவிடாது பதிந்துகொண்டேயிருந்ததால், நேரடி ஒளிபரப்பையும் இடையில் நிறுத்தி எழுந்து சென்று, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து காண முடிந்தது. நம் நாட்டில் 2008-இல் டாட்டா ஸ்கை பிளஸ் இவ்வசதியைத் தந்தது. இணையவழிக் காட்சிச் சேவைகள் பெருகிவிட்ட இந்நாளில், நிறுத்தும் பொத்தானை அறியாத சிறு குழந்தையும் இல்லை எனலாம்.

கடிகாரம் வீட்டுக்குத் திரும்பிவிட்டது. அதனைக் கொண்டு நாம் செய்தது என்ன?

இக்கேள்வியை எழுப்பும்போது ஒரு மனிதர் நம் நினைவுக்கு வருகிறார். அமெரிக்கக் குழந்தைகளுக்காகப் பல்லாண்டுகள் நிகழ்ச்சி நடத்திய பிரெட் ரோஜர்ஸ் என்பவர் அவர். வீட்டில் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வது சட்டத்திற்குப் புறம்பானது என்று திரைப்பட நிறுவனங்கள் சோனியின்மீது தொடுத்த வழக்கில் அவர் சாட்சியம் அளித்தார். தம் நிகழ்ச்சியைக் குடும்பங்கள் பதிவு செய்துகொள்வதில் தமக்கு மறுப்பில்லை என்றார். தங்கள் தொலைக்காட்சி வாழ்வைத் தாங்களே வகுத்துக்கொள்ளும் உரிமை இதனால் குடும்பங்களுக்குக் கிட்டுமென நம்பினார். 1984 சனவரியில் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவருடைய சாட்சியத்தையும் எடுத்துக்காட்டியது. அவர் சொன்னது 'குடும்பம்' என்பதை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். தனியொருவரின் வசதியைப் பற்றி அவர் பேசவில்லை.

டிஜிட்டல் கருவி வந்தபின் எழுந்த பெருங்கூச்சலோ வேறொன்றைப் பற்றியது. விளம்பரங்களை நொடியில் தாண்டிச் செல்லலாம் என்பது வணிகரைக் கலங்க வைத்தது. டர்னர் ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைவராயிருந்த ஜேமி கெல்னர், 2002-இல், விளம்பரத்தைப் பாராமல் தாண்டுவது திருட்டே என்றார். கழிவறைக்குச் செல்வோர்க்கு ஓரளவு விலக்கு அளிக்கலாம் என்றும் அவரே சொன்னார். அவ்விலக்கு ஒன்றே அவ்வாதத்தின் வலுவின்மையைக் காட்டப் போதும். பிறருக்கு உரியதை அவர்தம் இசைவின்றிக் கவர்வதே களவு. கண்ணைத் திறந்து வைத்திருப்பேன் என்று எந்தப் பார்வையாளரும் எவருக்கும் வாக்களித்ததில்லை. எனினும், நிகழ்ச்சியை ஆக்குவோர்க்குக் கூலி எவ்வழியிலேனும் சேர வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. விளம்பரமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம் என்போரிடம் நமக்குச் சிறு வருத்தம் உண்டு.

நம் கருத்தில், கருவி எழுப்பிய அறக்கேள்வி கடைத்தெருவில் இல்லை. வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. முன்னர் பாட்டி உள்ளறையிலிருந்து அழைத்தால், "கொஞ்சம் இருங்க பாட்டி, இது முடியட்டும்" என்பான் பேரன். அதில் ஓரளவு நியாயம் இருந்தது. போன காட்சி திரும்பி வராது. பாட்டியும் அதை அறிந்து பொறுத்தார். பழி நிலையத்தின் மேல் விழுந்தது. இன்று காட்சி எங்கும் போகாது. அவன் வரும்வரை, ஏன், மறுநாள்வரையும் காத்திருக்கும். ஆகவே "இது முடியட்டும்" என்னும் சொற்களுக்கு இன்று ஒரே பொருள்தான் எஞ்சியிருக்கிறது. அவனுக்கு அந்நேரத்தில் பாட்டியைவிடக் காட்சியே பெரிது. கருவி நமக்கு நேரத்தைத் தந்ததோ இல்லையோ, நம்மிடமிருந்த சாக்கை எடுத்துக்கொண்டது.

பொத்தானை அழுத்திவிட்டால் மட்டும் கடமை முடிந்ததா? மாலையில் ஓர் இல்லத்திற்குச் செல்கிறோம். அன்புடனே வரவேற்கிறார்கள், தொடரையும் நிறுத்துகிறார்கள். திரையில் பாதி திறந்த வாயுடன் கதாநாயகி உறைந்து நிற்கிறாள். வீட்டுத்தலைவியின் கையில் ரிமோட் அப்படியே இருக்கிறது. காப்பி வருகிறது, நலம் விசாரிக்கிறார்கள். ஆனால் கண்கள் அடிக்கடி அவளிடம் போய் மீள்கின்றன. முற்காலத்தில் விருந்தினர் தாமும் ஓரமாய் அமர்ந்து மீதியைப் பார்த்துவிட்டுப் பேசத் தொடங்குவர்; மாமியாரின் கொடுமையைப் பற்றி அவருக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும். இன்றோ அவர் பொருட்டே கதை நின்றிருக்கிறது என்பது கண்முன்னே தெரிகிறது. பாவம், காப்பியை அவசரமாகக் குடித்து எழுந்துவிடுகிறார். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். வந்தவரை வாடச் செய்ய முகம் சற்றே திரிதல் போதும் என்பதை அறிந்தவர் அவர். பெட்டியை அறவே அணைத்துவிடுதல் வேறு, நிறுத்தி வைத்தல் வேறு என்பதை இவ்விடத்தில் உணர்கிறோம்.

கூடிக் காண்பதும் குறைந்தது. 1983 பிப்ரவரி 28 அன்று 'மேஷ்' என்னும் தொடரின் இறுதிப் பகுதியை அமெரிக்காவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் ஒரே இரவில் கண்டனர். மறுநாள் அவர்களுக்குப் பேசப் பொதுவாய் ஒன்று இருந்தது. இப்போதோ அலுவலகத்தில் ஒருவர் வாய் திறந்தால், "நான் இன்னும் பார்க்கவில்லை, சொல்லிவிடாதீர்கள்" என்று மற்றவர் காதைப் பொத்துகிறார். நம் பார்வையைக் கருவியும் பார்க்கிறது என்பது மற்றொரு செய்தி. 2004-இல் ஒரு கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளை நிகழ்ச்சியில் எந்த நொடியை வீடுகள் மிகுதியாகத் திரும்பத் திரும்பப் பார்த்தன என்பதை டிவோ நிறுவனமே வெளியிட்டபோது பலர் திடுக்கிட்டனர்.

வீட்டுக்குள்ளும் சண்டை ஓயவில்லை, இடம் மாறிக்கொண்டது. எந்த அலைவரிசை என்பதில் இருந்த பூசல், கருவி நிறைந்தபின் எதை அழிப்பது என்பதில் வந்து நின்றது. கிரிக்கெட் ஆட்டத்தைப் பதிய இடமில்லாமல், மகள் சேர்த்து வைத்திருந்த கார்ட்டூன் தொடரைத் தந்தை அழிக்கிறார். ரோஜர்ஸ் கூறிய குடும்பத்தின் தொலைக்காட்சி வாழ்வு என்பது அவ்வீட்டில் உண்டா இல்லையா என்பது, அவர் அதை அவளிடம் கேட்டுவிட்டு அழித்தாரா, அவள் பள்ளிக்குச் சென்றிருந்தபோது அழித்தாரா என்பதைப் பொறுத்தது.